ஒன்றாம் நம்பர் கையெழுத்து

கத்தாரில் ராஸ் லஃபானுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் திடீரென்று கேட்டார்: "அந்தாளுக்கு விசா குடுத்த கஃபீல் ஆர் அண்ணை?"

அவர் பக்கத்திலிருந்த மதுரைக்காரரின் மடியில் ஒரு புத்தகம். விக்டோரியா ராணி காலத்து லண்டன் எழுத்தாளர் ஒருவரின் வாழ்க்கை. தினமும் அதைப் படித்துவிட்டு இவருக்குக் கதையாகச் சொல்வார்.

"அவருக்கு ஏதுப்பா கஃபீல், ஸ்பான்சர் எல்லாம்? சொந்த ஊருல வாராவாரம் கொலை, கொள்ளைன்னு தொடர்கதை எழுதுனாரு. சுடச்சுட வித்துச்சு. தொழிலாளிக்கும் ஓட்டு வேணும்னு நடுவுல சொருகிருவாரு."

"பிறகு?"

"ஒருநாள் பெரிய கூட்டம். போலீஸ் தடை போட்டதும் கூட்டுனவரு வரலை. தலைமை தாங்க ஆளில்லை. இவரு போய் மேடையில நின்னுட்டாரு."

யாழ்ப்பாணத்துக்காரர் அவர் பக்கம் திரும்பினார்.

"கேம்பில ஏசி பழுதெண்டு எழுதின பெட்டிஷன் உங்களிட்டத்தானே கிடக்கு? ஒண்டாம் நம்பர் இன்னும் வெறுமையோ?"

"ஆமா. எல்லாரும் ரெண்டுலருந்துதான் போட்டிருக்காங்க. முதல் பேரைத்தான் மேனேஜர் கூப்பிட்டு ஊருக்கு அனுப்புவாராம்."

"நீங்கள் எத்தினையாவது?"

"பதினேழு. எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்கப்பா."

"அந்த எழுத்தாளருக்கு எத்தினை பிள்ளையள்?"

மதுரைக்காரர் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார்.

"நிறைய" என்றார்.

கேட் வந்தது. எல்லோரும் ஐடி கார்டை எடுத்தோம். மதுரைக்காரர் மட்டும் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துப் புத்தகத்தின் மேல் விரித்தார்.

என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "பேனா வச்சிருக்கியா தம்பி?"