வசந்த் போட்டுக் காட்டாத இரண்டாம் பக்கம்

குழாய் ஸ்பீக்கரை எந்தத் திசை பார்த்துக் கட்டுவது என்பது எல்லோருக்கும் கைவராது. கல்யாண வீடென்றால் மெயின் ரோட்டைப் பார்த்திருக்க வேண்டும். காதுகுத்து என்றால் தாய்மாமன் சீர் கொண்டுவரும் தெருவைப் பார்த்து. சாவு வீடென்றால் ஒரு குழாயாவது பெண்டாட்டியின் பிறந்த ஊர்ப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். கோடித்துணியோடு வருகிறவர்களுக்கு வழியிலேயே பாட்டுக் கேட்க வேண்டும் அல்லவா? கீரமங்கலம் வட்டாரத்தில் இதையெல்லாம் பார்த்துச் செய்கிற மைக் செட்காரன் நான் ஒருவன்தான். அருள்மணி சவுண்ட் சர்வீஸ் என்று யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். நீங்கள் இந்த ஸ்டேஷனுக்குப் புதிது என்பதால் சொல்கிறேன்.

வசந்தை எனக்குச் சின்னப் பையனாக இருந்ததிலிருந்து தெரியும். துபாயில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் டிரைவராக இருந்தான். அவர் வேலை முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது தன்னுடைய பழைய ரெக்கார்டு பிளேயரையும் ஒரே ஒரு ரெக்கார்டையும் இவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். வசந்த் ஊருக்கே திரும்பி வந்து தோப்பைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தபோது அதையும் தூக்கிக்கொண்டு வந்தான். வீட்டில் வைக்க இடமில்லை. தென்னந்தோப்பு மோட்டார் ரூமில் வைத்தான். ஆம்ப்ளிஃபயர் நான் கொடுத்தது. என் கடையில் சும்மா கிடந்த பழைய இரும்புப்பெட்டி.

ரெக்கார்டின் அட்டையில் நான்கு பேர் ஒரு பாலத்தின் மேல் நிற்பார்கள். ஒருவரும் நம்மைப் பார்க்க மாட்டார்கள். அம்பது வருசத்துக்கு முந்தி அவர்கள் போட்ட முதல் ஆல்பம் என்று வசந்த் சொன்னான்.

"பின்னாடி ரொம்பப் பெரிய ஆளாயிட்டாங்கண்ணே. ஆனா இது யாருக்கும் தெரியாத காலத்துல போட்டது. ஊருல இன்னும் யாருக்கும் போட்டுக் காமிக்கல. ஒங்களுக்குத்தான் மொதல்ல" என்றான்.

முதலில் ஒரு கித்தார் மட்டும் வந்தது. ரொம்ப நேரம் அது மட்டும்தான். பிறகு டிரம்ஸ், வரலாமா வேண்டாமா என்று வாசலில் நின்று யோசித்துவிட்டு உள்ளே வந்த ஆளைப் போல வந்தது. நான் ஆயுசு பூராவும் குழாயில் பாட்டுப் போட்டவன். குழாயில் கீழ்ச் சத்தம் வராது, மேல் சத்தம் மட்டும்தான் கத்தும். அன்றைக்குத்தான் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்தது. ஒரு வார்த்தை புரியவில்லை. அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். மூன்றாவது பாட்டு தொடங்கும் முன்னால் அந்த நால்வரில் ஒருவர் மெல்ல இருமுவார். அதை நான்தான் கண்டுபிடித்தேன். அத்தனை தடவை கேட்ட வசந்துக்கு அது காதில் விழுந்ததே இல்லை.

முதல் பக்கம் முடிந்ததும் மறுபக்கத்தைப் போடச் சொன்னேன்.

"ஊசி தேஞ்சு போச்சுண்ணே. இதோட போட்டா ரெக்கார்டு கீறிரும். மெட்ராசுல சொல்லிவிட்டிருக்கேன். வந்ததும் போட்டுருவோம், இங்கிட்டுதானே இருக்கப்போறீங்க" என்றான்.

நியாயம்தான். நான் நியாயத்தை ஒத்துக்கொள்கிறவன்.

போனில் தேடிக் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். ஒன்றை முதல் தடவை கேட்பது ஒரு தடவைதான். அதைப் போய் அந்தத் துளியூண்டு ஸ்பீக்கரில் கேட்டுத் தொலைக்கச் சொல்கிறீர்களா? நான் காத்திருந்தேன்.

பிறகு ஒருநாள் காலையில் வசந்த் வீட்டுப் பக்கம் போனேன். அவன் மனைவி காவ்யா துணி காயப் போட்டுக்கொண்டே ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நின்று கேட்டேன். ஒரே தடவை கேட்டாலும் முதல் பக்கத்துப் பாட்டு எல்லாம் எனக்கு மனப்பாடம், இது அதில் இல்லை. நம் ஊர்ப் பாட்டு மாதிரியும் தோன்றவில்லை. அப்படியானால் எங்கிருந்து வந்தது? என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். "வாங்கண்ணே, காப்பி போடவா?" என்றாள். ஒன்றுமே நடக்காதது போலக் கேட்டாள்.

அதற்குப் பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். டீக்கடையில் ஒருவன் பெஞ்சில் தாளம் போடுவான், நான் உள்ளே நுழைந்ததும் கையை எடுத்துவிடுவான். வசந்தின் தாய்மாமன் தங்கமுத்து, எழுபது வயசுக்காரர், டிராக்டர் ஓட்டிக்கொண்டே தலையை ஆட்டுவார். ஊரே கேட்டுவிட்டது, என்னைத் தவிர. ஊசி வரவில்லை என்பதை நம்புகிற கிறுக்கனாக ஒருத்தன் தேவைப்பட்டிருக்கிறான். கோபமெல்லாம் இல்லை. வருத்தம்தான்.

வசந்துக்கு ஒரு பழக்கம் உண்டு. தண்ணீர் பாய்ச்சிவிட்டு ஈரக்காலோடு வந்து ஆம்ப்ளிஃபயரைத் தொடுவான். எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். சொன்னால் கேட்கிற ஆள் இல்லை என்றுதான் அந்தப் பெட்டியில் கரண்ட் கசிந்தாலும் மண்ணுக்குள் இறங்கிவிடும்படி தனியாக எர்த் இழுத்து, கம்பியை நானே முடுக்கிக் கொடுத்திருந்தேன். அவன் உயிரோடு இருந்ததே அந்தக் கம்பியால்தான். அந்த வகையில் அவன் எனக்குக் கடன்பட்டவன். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் சாப்பிடப் போயிருந்தபோது அந்தக் கம்பியைக் கழற்றினேன். பெட்டிக்குள்ளேயும் ஒரு சின்ன வேலை இருந்தது. கட்டினவனே கழற்றினால் சுத்தமாக இருக்கும்.

கடைக்கு வந்து சேர்வதற்குள் போன் வந்தது.

"அண்ணே, ஊசி வந்துருச்சு! சாயங்காலம் வெரசா வாங்க. ஒங்களுக்காக ரெடி பண்ணி வைக்கிறேன்" என்றான் வசந்த்.

சந்தோஷமாகத்தான் பேசினான். நான் யோசித்தேன். எல்லோரும் கேட்டு முடித்த பிறகு எனக்கு என்ன ஊசி? "வாரேன்ப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். போகவில்லை. வேனில் குழாய்களையும் ஒயரையும் ஏற்றினேன்.

தங்கமுத்துதான் மோட்டார் ரூமில் விழுந்து கிடந்தவனைப் பார்த்து, ஆள் சேர்த்து, அறந்தாங்கி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். இதை அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் வசந்த் வீட்டுக்குப் போனபோது வாசலில் பெண்கள் கூடி, சாமிக்குக் காசு முடிந்துகொண்டிருந்தார்கள். நான் யாரையும் தொந்தரவு செய்யாமல் வேப்பமரத்தில் ஏறினேன். காவ்யாவின் பிறந்த ஊர் அரிமளம். ஒரு குழாயை அரிமளம் ரோட்டைப் பார்த்துத் திருப்பிக் கட்டினேன். கட்டி முடித்து இறங்கும்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து அந்த வீட்டுக்குப் போன் வந்தது. அழுகைச் சத்தம் எழுந்தது. நான் செட்டைப் போட்டேன். அன்றைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

மைக் செட்டுக்கு யார் சொன்னது என்று சாவு வீட்டில் யாரும் கேட்பதில்லை. பங்காளி சொல்லியிருப்பான் என்று சம்பந்தி நினைப்பார், சம்பந்தி சொல்லியிருப்பார் என்று பங்காளி நினைப்பான். அந்த ஊர் வழக்கத்தை நம்பித்தான் இருந்தேன்.

மறுநாளைக்கு மறுநாள் ஆம்ப்ளிஃபயரை எடுக்க மோட்டார் ரூமுக்குப் போனேன். ஊசிப் பொட்டலம் ரெக்கார்டு பிளேயர் மேல் பிரிக்காமல் இருந்தது. எனக்காகக் காத்திருந்தான் என்று நீங்கள் சொல்வீர்கள். பொட்டலத்தைப் பிரித்துவிட்டுத் திரும்ப ஒட்டுவது என்ன பெரிய வித்தையா? பிளேயரையும் ரெக்கார்டையும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று காவ்யாவிடம் கேட்டேன்.

"எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே. ஒங்களுக்குத்தான் அதோட அரும தெரியும்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. மறுபக்கத்த நீங்க கேக்கயில ஒங்க மொகத்தப் பாக்கணும்னு அவ்வளவு ஆசையா இருந்தாரு" என்று சொல்லி அழுதாள். நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்திருந்தான்.

கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு, புது ஊசியை மாட்டி, என்னுடைய பெரிய பாக்ஸில் இரண்டாம் பக்கத்தைப் போட்டேன். அந்த அழகை உங்களுக்குச் சொல்லி மாளாது. ஆனால் கடைசி வரைக்கும் காவ்யா முணுமுணுத்த மெட்டு வரவே இல்லை. திரும்பவும் போட்டேன். இல்லை.

கருமாதி அன்று பந்தலைப் பிரிக்கும்போது அவளிடம் கேட்டேன். "ஏம்மா, அன்னைக்குத் துணி காயப்போடயில ஒரு பாட்டு மொணங்குனியே, அது என்ன?"

"தெரியலண்ணே. எங்க ஊருக் கும்மிப் பாட்டா இருக்கும். அத ஏன் இப்பக் கேக்குறீங்க?" என்றாள். என் முகத்தையே பார்த்தாள். பிறகு வேப்பமரத்தைப் பார்த்தாள்.

"அண்ணே, அன்னைக்கு நீங்க மரத்துல ஏறயில அவரு செத்துட்டாருன்னு எங்களுக்கே தெரியாதே. ஒங்களுக்கு யாரு சொன்னது?"

நான் பந்தல் கயிற்றைச் சுருட்டினேன். அதற்குப் பிறகுதான் அவள் உங்களிடம் வந்தாள். நல்ல பெண், அவள் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. நான்தான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

கும்மிப் பாட்டு என்று அவள் சொன்னதை மட்டும் எழுத வேண்டாம். அந்த மெட்டு இந்த ரெக்கார்டில் இல்லையென்றால் வசந்திடம் இன்னொரு ரெக்கார்டு இருந்திருக்க வேண்டும். அதை எனக்குத் தெரியாமல்தான் வைத்திருந்தான். அந்த வீட்டைச் சோதனை போடும்போது பரண் மேலும் பாருங்கள். கிடைத்தால் தயவுசெய்து யாரும் போட்டுப் பார்க்க வேண்டாம், முதலில் என்னைக் கூப்பிடுங்கள்.