சீட்டுக்கு என்ன கொறச்சல்

டிராக்டர் கம்பெனியிலேர்ந்து வந்து சீட்டு எப்புடி இருக்குன்னா என்ன சார் சொல்றது? ஒக்காந்தவன்ல சொல்லணும். ஆமா, நன்னிலம் பக்கத்துல மொதமொதல்ல டிராக்டர் ஓட்டுனது இந்த வைரக்கண்ணுதான். ஆனா நீங்க கேக்குற அந்த மெத்தை இருக்கே, அது எம்மேல பட்டதே கெடையாது.

சிரிக்காதீங்க, நெசந்தான். வண்டி வந்து எறங்குன அன்னைக்கே எங்க மிராசுதாரு அதைக் கழட்டிட்டாரு. சேரிக்காரன் ஒக்காந்தா, அப்பறம் வீட்டு மனுசங்க எப்புடி அதுல ஒக்கார்றதுன்னாரு. ஞாயந்தானே? இப்ப அது அவரு ஊஞ்சல்ல கெடக்கு. அதுல சாஞ்சுகிட்டுத்தான் பேப்பர் படிப்பாரு. அவருக்கு ரொம்ப சொகமாம், அதையும் எழுதிக்குங்க.

எனக்கா? வெறுந்தகடு, மேல ஒரு சாக்கு. சேத்துழவுல வண்டி குதிக்கிற குதிப்புக்கு, வீட்டுக்குப் போனா மல்லாந்து படுக்க முடியாது. சம்சாரம் அம்சவல்லிதான் வெளக்கெண்ணெ தடவுவா. நீ உழுவுறியா, இல்ல ஒன்னைய உழுவுறாங்களான்னு கேப்பா. வாய்க்காரி சார்.

சேச்சே, மரியாதைக்கெல்லாம் கொறச்சல் இல்ல. கவர்மென்டு மாறிடுச்சு, மேடைக்கு மேடை எல்லாரும் சமங்கிறாங்க. மிராசுதாரும் கரைவேட்டிக்கு மாறிட்டாரு. கட்சிக்காரங்க வந்தா என்னைய வண்டியில ஏத்தி ஒக்கார வச்சுக் காட்டுவாரு, பாத்துக்குங்க நம்ம ஆளுன்னு. சாக்கு தெரியாம இருக்க மேல ஒரு துண்டு.

வண்டியா? அந்தா, பாதி உழுத வயல்லயே நிக்குது பாருங்க. போன வாரம் எங்க தெரு சனம் பூரா வந்து முன்னால படுத்துருச்சு. ஏர் ஓட்டுற வேலையெல்லாம் வண்டி தின்னுபுட்டா, அதுங்க எதைத் திங்கும்? மிராசுதாரு வரப்புல நின்னுகிட்டு, ஏத்துடா மேல, கேசு வந்தா நான் பாத்துக்குறேங்குறாரு. சக்கரத்துகிட்ட மொத ஆளா கெடந்தது யாருங்கிறீங்க? எம் பொண்டாட்டி. கண்ண மூடல சார். என்னையவே பாத்துகிட்டுக் கெடந்தா.

என்ன பண்றது? சாவியப் புடுங்கி வாய்க்கால்ல எறிஞ்சேன். எறங்கிப் போயி அவ பக்கத்துல படுத்துட்டேன்.

இப்ப நான் டிரைவரெல்லாம் இல்ல சார். மன்னார்குடியிலேர்ந்து புதுசா ஒருத்தன் வர்றானாம், அவனைக் கேளுங்க. மிராசுதாரு ஆளுங்க இன்னும் வாய்க்கால்ல குனிஞ்சு சாவியத் தொழாவுறாங்கல்ல, அதை வேடிக்க பாத்துகிட்டு நின்னேன். நீங்களா வந்து கேட்டீங்க, சொன்னேன்.