ஒரே வீட்டில் இருந்த குற்றம்

— இதோ பாருங்க, எங்க கம்பெனிப் பங்கை வாங்கினீங்களா, இல்லையா?

— மூணு மாசம் கழிச்சு கட்டின புருஷன்கிட்ட பேசற முதல் பேச்சு இதுதானா?

— விளையாடாதீங்க. பங்குச்சந்தை ஆணையத்துலேர்ந்து ஆபீசுக்கு, பங்கு வாங்கினவங்க பட்டியல் வந்திருக்கு. அதுல உங்க பேரு இருக்கு.

— அட, இந்தக் கண்ணாடிக் கடைக்காரனை அங்கெல்லாம் தெரியுமா? வாங்கினேன். போன மாசம். என்ன இப்போ?

— ஏன் வாங்கினீங்க?

— உன் தங்கச்சி வீட்டு விருந்துல உன்னைக் காட்டி, இவ கம்பெனியில எவன் காசு போடுவான்னு வாய்க்கொழுப்புல சொல்லிட்டேன். அன்னிக்கு மூடின வாயை நீ திறக்கவே இல்ல. எனக்கு மன்னிப்புக் கேக்க வராது. நானே காசு போட்டு, உன் பிறந்தநாளுக்குக் காட்டினா நீ சிரிப்பேன்னு நினைச்சேன்.

— ஐயோ! முந்தாநாள் எங்க கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒண்ணு வாங்கப்போறதா அறிவிப்பு வந்துது. விலை எகிறிடுச்சு. அந்த ஃபைல் பூரா என் கையில இருந்தது. நான்தான் ரகசியமா உங்களுக்குச் சொன்னேன்னு நினைக்கறாங்க.

— நீயா? பால் வாங்கணும்னாகூட ஃப்ரிட்ஜ் கதவுல சீட்டுல்ல ஒட்டினே!

— முன்னெல்லாம் நான் சொன்னேன்னு அவங்க நிரூபிக்கணும். இப்போ சட்டத்தை மாத்திட்டாங்க. ஒரே வீட்டுல இருந்தாலே உங்களுக்கும் விஷயம் தெரியும்னு எடுத்துப்பாங்க. தெரியாதுன்னு நாமதான் நிரூபிக்கணும். இல்லேன்னா என் வேலை போயிடும்.

— சரி விடு, தாயே. நாம பேசிக்கலைன்னு காட்ட அந்தச் சீட்டெல்லாம் இருக்கு. ஒண்ணுகூடத் தூக்கிப் போடலை. கடையில ஒரு கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்கேன்.

— எதுக்கு?

— உன் கையெழுத்தாவது இருக்கட்டுமேன்னு.

— ...

— என்ன, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?

— இல்லைங்க. மூணு மாசமா நாம பேசிக்கலைன்னு பத்திரத்துல எழுதிக் கொடுக்கணும். ஆபீசே படிக்கும்.

— படிக்கட்டும். எங்கே கையெழுத்துன்னு காட்டு, போடறேன். ஆனா ஒண்ணு. ஒரு வார்த்தைக்கு மூணு மாசக் கோபம் ஜாஸ்தி இல்லையா?

— கோபம் ரெண்டே நாள்ல போயிடுச்சுங்க. மூணாம் நாள் அந்த ஃபைல் என் மேசைக்கு வந்துது. வாயைத் திறந்தா உங்ககிட்ட எல்லாத்தையும் கொட்டிடுவேன்னு எனக்குத் தெரியாதா?