வண்டல் வால்வின் சத்தம்

நல்ல ஒலிப்பதிவுக்கு விலை உயர்ந்த மைக் அவ்வளவு முக்கியமில்லை. வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரிந்த மனிதர்கள்தான் முக்கியம். நீங்கள் கேள்வியைக் கேட்டுவிட்டு, நான் முடிக்கும்வரை பொறுமையாக உட்கார்ந்திருக்கிறீர்கள். என் தங்கையின் கணவருக்கு அது வராது. மற்றபடி தங்கமான மனிதர், அதில் சந்தேகமே இல்லை.

நாங்கள் இருவரும் கூட்டாக மாடல் ரயில் செய்துவந்தோம். வரைவதும் செய்வதும் நான், பேசி விற்பது மாப்பிள்ளை. பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். வாங்குகிறவர்கள் எல்லாம் பேரன் பேத்தி எடுத்தவர்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, படிக்கட்டில் ஒரு ஆணி குறைகிறது என்று சண்டைக்கு வருவார்கள். அந்தச் சண்டைக்காகவே அவர்களை எனக்குப் பிடிக்கும்.

நாங்கள் கடைசியாகச் செய்த நீராவி எஞ்சின் மாடல் உள்ளங்கையில் அடங்கிவிடும். கைப்பிடிக் கம்பி தலைமுடி கனம். ஒருமுறை வர்ணம் பூசுகிறவர் சக்கரத்தின் வெள்ளைக் கோட்டைக் கோணலாக இழுத்துவிட்டார். அவர் விரலை மேஜையில் இருந்த வைஸ் இடுக்கியில் வைத்து, எலும்பு நொறுங்கும்வரை திருகினேன். கத்தியதைப் பார்த்தால் நான் என்னவோ கொலை செய்தது போல இருந்தது. அதற்குப் பிறகு அவர் வேலைக்கு வரவில்லை. நல்ல கை, எனக்கு வருத்தம்தான்.

எஞ்சினுக்குப் பின்னால் கரி ஏற்றும் பெட்டி இருக்கிறதல்லவா, அதற்குள் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு ஸ்பீக்கர் வைக்கிறோம்; அதில் சத்தம் ஏற்றிக் கொடுப்பது வெளியே ஒரு ஃபேக்டரி. ரிமோட்டை அழுத்தினால் விசில், பிரேக், மூச்சு வாங்கும் சத்தம் எல்லாம் வரும். அதில்தான் எனக்கும் மாப்பிள்ளைக்கும் தகராறு. முன்பு செய்த வேறொரு எஞ்சினின் சத்தத்தையே இதிலும் போட்டுவிடலாம் என்றார்.

"யாருக்குத் தெரியப்போகுது மச்சான்? கூ-ன்னா எல்லாம் கூ-தானே."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. உண்மையான அந்த எஞ்சின் ஒன்றே ஒன்றுதான் இன்னும் ஓடும் நிலையில், ஒரு அருங்காட்சியகத்தின் ஷெட்டில் இருந்தது. அதன் கொதிகலனைப் பிரித்து மேயப்போகிறார்கள், இனி பல வருஷத்துக்கு நெருப்பே போடமாட்டார்கள் என்று தெரிந்தது. கெஞ்சிக் கூத்தாடி, கடைசியாக நெருப்பு போடும் நாளில் பதிவு செய்ய அனுமதி வாங்கினேன். மாப்பிள்ளையை நான் கூப்பிடவில்லை. துணைக்கு வருகிறேன் என்று அவராகவே வண்டியில் ஏறிக்கொண்டார்.

காலையிலிருந்து பேச்சுதான். எஞ்சின் கிளம்பும்போது எடுத்த பதிவில், டிரைவருக்கு முழங்கால் வலி வைத்தியம் சொல்கிறார். விசிலுக்கு நடுவே தும்மல். மேட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிய அழகான சத்தத்தில் அவருடைய செல்போன் பாட்டுப் பாடுகிறது. நான் சிரித்துக்கொண்டே, இன்னொரு முறை போகலாம் என்று டிரைவரிடம் சொன்னேன். கரி தீர்ந்துகொண்டிருந்தது.

கடைசியாக மிச்சம் இருந்தது வண்டல் வால்வு. கொதிகலனின் அடியில் தங்கும் அழுக்கை வெளியே தள்ள அதைத் திறப்பார்கள். கொதிக்கிற தண்ணீரும் நீராவியும் ஒன்றாகச் சீறிக்கொண்டு வெளியே பாயும். அந்தச் சத்தத்தை இதுவரை யாரும் மாடலில் கொண்டுவந்ததில்லை. எஞ்சின் ஷெட்டில் தண்டவாளத்துக்கு நடுவே, பழுது பார்க்க ஆள் இறங்கும் குழி உண்டு; எஞ்சின் அதன் மேல் நின்றது. குழியில் இறங்கி, வால்வுக் குழாய்க்குப் பக்கத்தில் மைக்கைக் கட்டும்படி மாப்பிள்ளையிடம் சொன்னேன். ஒலி அளவைச் சரிபார்த்ததும் கூப்பிடுகிறேன், ஏறி வந்துவிடலாம் என்றேன். அந்த நிமிஷம்வரை என் மனதில் எதுவும் இல்லை. திட்டம் போட்டா கூட்டிப்போனாய் என்று நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில்.

நான் குழிக்கு வெளியே ஹெட்போன் மாட்டிக்கொண்டு நின்றேன். விசாரணையில் அதைத்தான் சொன்னேன். காதில் ஹெட்போன் இருந்தது, அவர் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை, மேலே வந்துவிட்டார் என்று நினைத்தேன். எல்லோரும் நம்பினார்கள். அந்த ஹெட்போனின் மறுமுனை அவர் கையில் இருந்த மைக் என்பதை யாரும் யோசிக்கவில்லை. ஷெட்டில் வேறு யாருக்கும் கேட்காதது எனக்குக் கேட்டது. அவர் மூச்சு விடுவது, சட்டை சுவரில் உரசுவது எல்லாம் காதுக்குள்ளேயே நடந்தது.

மைக்கைக் கட்டிக்கொண்டே அவர் பேசினார்.

"மச்சான், கோவிச்சுக்காதே. நேத்தே பழைய சத்தத்தை ஃபேக்டரிக்கு அனுப்பிட்டேன். அவங்க ஏத்த ஆரம்பிச்சிருப்பாங்க. நீ ஆசைப்பட்டியேன்னுதான் கூட வந்தேன். வந்துடட்டுமா?"

டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, கீழே ஆள் இல்லையே என்று கட்டைவிரலைக் காட்டிக் கேட்டார். நானும் கட்டைவிரலைக் காட்டினேன்.

டிரைவர் வால்வைத் திறந்த விதத்தைச் சொல்ல வேண்டும். அவ்வளவு நேர்த்தி. வெள்ளை வெளேரென்று குழி நிறைந்தது. மைக் வேகும்வரை பதிவாகிக்கொண்டே இருந்தது. அது நின்றதும் பதிவைச் சேமித்தேன், இன்னொரு பிரதியும் எடுத்தேன், பிறகுதான் ஓடினேன். மாப்பிள்ளையைத் தூக்கினோம். டிரைவர் அவர் சட்டையைக் கழற்றப் பார்த்தார், தோலும் கூடவே கழன்று வந்தது. முகத்தில் கண் எது என்று தெரியவில்லை. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே அடங்கிவிட்டார். நான் கட்டைவிரலைக் காட்டியதாக டிரைவர் சொன்னார். பொறுங்கள் என்று உள்ளங்கையைக் காட்டினேன் என்றேன் நான். அவர் இப்போது சிறையில் இருக்கிறார். அவரைப் பற்றி நான் தவறாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஃபேக்டரியில் பேசி, பழைய சத்தத்தை அழிக்கச் சொன்னேன். மாப்பிள்ளையின் காரியம் முடிந்த கையோடு பதிவைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். அங்கேதான் சிக்கல். மனிதக் குரலை எடுத்தால் நீராவியும் கூடவே மெலிகிறது. முழுக்க எடுத்தபோது குக்கர் சத்தம் மாதிரி ஆகிவிட்டது. ஆகவே கொஞ்சம் விட்டுவைத்தேன். எஞ்சின் வெளிவந்ததும் ரசிகர்கள் கொண்டாடினார்கள். வண்டல் வால்வுக்குப் பின்னால் ஏதோ கிறீச்சிடுகிறதே, பிரேக் கட்டையா, சக்கரமா என்று அவர்களுக்குள் பெரிய வாக்குவாதம். நான் அதில் கலந்துகொள்ளவில்லை.

தங்கைக்கும் ஒன்று கொடுத்தேன். அவர் ஞாபகமாக இருக்கட்டும் என்றுதான். சாப்பாட்டு மேஜையில் வட்டமாகத் தண்டவாளம் போட்டு ஓட்டிக் காட்டினேன். ஒவ்வொரு பொத்தானாக அழுத்திக்கொண்டு வந்தாள். வண்டல் வால்வு வந்ததும் நிறுத்தினாள். மறுபடி அழுத்தினாள். மறுபடியும். பிரேக் சத்தம் என்று சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"அண்ணா, அவர் உன்னைத்தான் கூப்பிடுறாரு."

பிறகு எஞ்சினைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு நேரே காவல் நிலையத்துக்கு, உங்களிடம் வந்திருக்கிறாள். அவள் மீது எனக்குக் கோபமில்லை. இருபது வருஷம் அவரோடு வாழ்ந்தவள், குரல் தெரியாமல் போகுமா? மூலப்பதிவை என் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதை மட்டமான ஸ்பீக்கரில் போடாதீர்கள், அவ்வளவுதான் என் வேண்டுகோள்.

நான்தான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு விஷயத்தில் என் தங்கை தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறாள். காப்பாற்றச் சொல்லி அவர் "மச்சான், மச்சான்" என்று கத்தினார் என்கிறாள். காதுக்குள்ளேயே கேட்டவன் நான், எனக்குத் தெரியாதா? பதிவு நன்றாக வந்திருக்கிறதா என்றுதான் கேட்டார். நன்றாகத்தான் வந்திருக்கிறது.