ஸ்டார்ட் மட்டும் பண்ணு, ஓட்டாத

பந்தி போட்டாச்சுன்னு பின்னாடி நாலு பேரு நைசா எந்திரிக்கிறாங்க... தெரியுது, தெரியுது. உக்காருங்க. சாம்பார் எங்கயும் ஓடிப் போயிடாது. மாப்பிள்ளை அடுத்த மாசம் வெளிநாடு கெளம்புறாராம். அவருக்குன்னு ஒரு குட்டிக் கதை வெச்சிருக்கேன். சொல்லிட்டு நானும் உங்க கூடவே இலையில வந்து உக்காந்துடுறேன்.

எங்க பட்டுக்கோட்டைப் பக்கம் வைரக்கண்ணுன்னு ஒருத்தர். தோஹாவுல வேலை. ஊருல ஒரு காரு... பழசுதான், ஆனா பளபளன்னு இருக்கும். வாங்கினாரு... வாசல்ல நிறுத்தினாரு... பிளேன் ஏறிட்டாரு. காரைப் பாத்துக்க யாரு? சம்சாரம் தையல்நாயகி. சாவியக் கையில குடுத்து என்ன சொன்னாரு?

"தையலு, வாரம் தவறாம ஸ்டார்ட் பண்ணு. ஆனா ஓட்டாத!"

ஏன் ஓட்டக் கூடாது? கீறல் விழுந்துடுமாம்!

வெள்ளிக்கிழமை வந்தா அங்க லீவு, இங்க பூஜை. அந்தம்மா காருக்குச் சந்தனம் குங்குமம் வெச்சு, ஊதுபத்தி காட்டி, சாவியத் திருகும். இவரு வீடியோ கால்ல உக்காந்து பாப்பாரு.

"ஹாரன் அடி."

பாம்!

"லைட்டப் போடு."

"போட்டாச்சுங்க."

"ஏசி?"

"வருதுங்க."

"கண்ணாடிய எறக்கு... ஏத்து... சரி, ஆஃப் பண்ணு."

ரெண்டு நிமிஷம். காருக்கு முடிஞ்சுது. அடுத்து சம்சாரத்துக்கு ஒரு ரெண்டு நிமிஷம்.

"சாப்பிட்டியா?" "ம்." "உடம்பு?" "ம்." "வேற?" "வேற ஒண்ணுமில்லங்க." "சரி, வெச்சுடுறேன்."

காருக்காவது ஹாரன் அடிக்க ஒரு வாய்ப்பு இருந்துச்சு!

இப்படிப் போயிட்டு இருக்கையில, அந்தம்மா தம்பிக்குக் கல்யாணம். மன்னார்குடியில மண்டபம். கூடப் பொறந்தவ இவ ஒருத்திதான். அப்ப நாத்தனார் முடிச்சு யாரு போடணும்? இவதான் போடணும். தம்பி தூளியில கெடந்த காலத்துலேருந்து அவ மனசுல போட்டு வெச்ச முடிச்சுங்க அது! பொறந்த வீட்டு ஜனம் பூராவும் மொத நாளே கெளம்பிடுச்சு. இவளும் பைய எடுத்தா. தோஹாவுலேருந்து போன்.

"நீ போகாத. நான் காலையில திருச்சியில எறங்கி வந்துடுறேன். நம்ம கார்ல போய் எறங்குவோம். அதுதான் மரியாதை."

பைய வெச்சுட்டா.

காலையில வந்தாரு. குளிச்சாரு. பட்டு வேட்டி கட்டினாரு. திருச்சியிலேருந்து வந்த வாடகைக் காரு வாசல்லயே நிக்குது. அதத் திருப்பி அனுப்பிட்டாரு! நம்ம காரு இருக்கே! உக்காந்தாரு... சாவியத் திருகினாரு...

டிக்.

மறுபடி திருகினாரு.

டிக்... டிக்...

அவ்வளவுதான். காரு பேசிருச்சு. வேற வண்டிக்கு போன் போட்டாங்க. பெரிய முகூர்த்த நாளு, ஒரு வண்டி கெடைக்கல. கத்துறாரு...

"என்ன லட்சணத்துல பாத்துக்கிட்ட நீ?"

"ஒரு வாரம் தவறலங்க. நீங்கதான் பாத்துக்கிட்டே இருந்தீங்களே."

தப்பு யாரு மேல? அய்யா, வண்டிய ஒரு தடவ ஸ்டார்ட் பண்ண பேட்டரி தன் பலத்துல ஒரு பெரிய பங்கக் குடுக்குது. அது திரும்ப ஊறணும்னா வண்டி ரோட்டுல ஓடணும்... அரை மணி நேரமாவது ஓடணும். ரெண்டு நிமிஷத்துல அணைச்சா? குடுத்தது குடுத்ததுதான். இதுல லைட்டு வேற, ஏசி வேற, பாம் வேற! இதுக்குப் பேசாம பேட்டரியோட மைனஸ் வயரக் கழட்டி வெச்சிருந்தாக்கூட, அது பாட்டுக்கு உசுரோட இருந்திருக்கும். ரெண்டு பேரும் சேந்து வாராவாரம் சந்தனம் வெச்சுக் கொன்னுட்டாங்க.

அந்தம்மா கண்ணுல தண்ணி நிக்குது. "முடிச்ச வேற யாராவது போட்டுருவாங்கங்க..."

தள்ள வேண்டியதுதான். மொதல்ல இவரு ஸ்டியரிங்ல உக்காந்துக்கிட்டாரு. "தள்ளு!" அந்தம்மா பட்டுப் பொடவையோட தள்ளுது. காரு நவுருமா? அப்பறம் எறங்கி வந்தாரு. "நீ உள்ள போ." தோஹாவுலேருந்து வந்த மனுஷன், வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, மூச்சு வாங்கத் தள்ளுறாரு. அந்தம்மா செகண்ட் கியரப் போட்டு, கிளட்ச விட்டுச்சு... டுர்ர்ர்! வண்டி உசுரு புடிச்சிருச்சு!

"நிறுத்து, நிறுத்து! நான் ஓட்டுறேன்!"

"நிறுத்துனா மறுபடி தள்ளணும்ங்க. ஏறுங்க!"

ஓடி வந்து ஏறினாரு. தன் கார்ல மொத தடவையா இடது பக்கம் உக்காந்தாரு. வண்டி வழுக்கிக்கிட்டுப் போவுது. கொஞ்ச தூரம் பாத்தாரு.

"ஓட்ட எப்பக் கத்துக்கிட்ட?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே லைசென்ஸ் எடுத்துட்டேன். பொண்ணு பாக்க வந்தப்பவே சொன்னேனே."

இவரு அவ பக்கம் திரும்பி மெதுவா கேட்டாரு...

"வேற என்னெல்லாம் சொன்ன?"

அந்தம்மா சொல்ல ஆரம்பிச்சுது. மன்னார்குடி வர்ற வரைக்கும் சொல்லிச்சு.

மண்டப வாசல்ல மேளச் சத்தம். ஐயரு தாலியத் தட்டுல வெச்சு ஆசீர்வாதம் வாங்க அனுப்பியிருக்காரு. "நீ ஓடு தையலு! நான் வண்டிய அணைக்காம உக்காந்திருக்கேன். அணைச்சா மறுபடி கெளம்புமோ என்னமோ!" மரியாதைக்காகப் பொண்டாட்டியக் காக்க வெச்ச மனுஷன், கெட்டிமேளத்த ரோட்டுல காருக்குள்ள உக்காந்துதான் கேட்டாரு. உள்ள, அவ நாத்தனார் முடிச்சப் போட்டுட்டா.

மாப்பிள்ளை... இங்க பாருங்க. போன்ல ரெண்டு நிமிஷம் "சாப்பிட்டியா"ன்னு கேட்டு அணைக்கிறதுக்குப் பேரு பராமரிப்பு இல்ல. அது ஒவ்வொரு தடவையும் கொஞ்சங் கொஞ்சமா எடுக்குது. குடுக்கல. வாரத்துல ஒரு நாளு பேசுங்க, ஆனா அரை மணி நேரம் ஓட்டுங்க. அவ சொல்றதக் கேளுங்க. மைனஸ் வயரக் கழட்டலாம்னு சொன்னனே, அது காருக்கு மட்டுந்தான், வீட்டுக்குப் போய்ச் செஞ்சுறாதீங்க!

ஆமா... வெளிய பூ சுத்தி நிக்குதே, புதுக் காரு, அது உங்களுதுதானே? சாவி எங்க? பையிலயா? எடுங்க... வெக்கப்படாதீங்க, எடுங்க. பொண்ணு கையில குடுங்க.

ம்... குடுத்துட்டாரு.

இப்பச் சாப்பிடப் போகலாம்.