கேப்டனுக்கு விருந்து, என் தங்கைக்கு வாசற்படி

அவையின் தலைமை இருக்கையை அணிசெய்யும் சர் லூகஸ் டாண்ட் அவர்களே, அவரருகே வீற்றிருக்கும் டாண்ட் சீமாட்டி அவர்களே, பாதிரியார் ஐயா அவர்களே, பட்டும் பவளமுமாய் வந்திருக்கும் தாய்மார்களே, கெல்பரோ நகரின் கண்ணியமிக்க பெரியோர்களே! தங்கை பிலிப்பாவின் நிச்சயதார்த்தத்தில் வாழ்த்துரை வழங்க, அண்ணன் கில்பர்ட் ரஷமாகிய என்னை அழைத்தீர்கள். வாழ்த்தத்தான் வந்தேன். ஆனால் வயிறு எரியும்போது வாய் மட்டும் எப்படி இனிக்கும்?

பிரெஞ்சுக்காரரோடு போரிட்டுத் திரும்பிய கேப்டன் அம்புரோஸ் கெல்லண்ட், ஊரார் மாடு மேய்த்த பொதுநிலத்துக்கு வேலி போட்டார். சட்டம் அவர் பக்கம். வேலிக்கழிகளைப் பிடுங்கி எறிந்தாள் என் தங்கை. ஏழைகளின் பசுக்கள் அவள் பக்கம். அவர் நட, இவள் பிடுங்க, வேடிக்கை பார்த்தது இந்த ஊர்.

அப்படி வேலியோரம் வாக்குவாதம் முற்றிய ஒரு மாலையில் வெள்ளம் வந்து பாலத்தை அடித்துப்போனது. இருவரும் பாழடைந்த மாவு ஆலையில் ஒதுங்கினார்கள். விடிந்த பிறகுதான் அவர்களை மீட்கப் படகு போயிற்று. அங்கே என்ன நடந்தது? சண்டை நடந்தது. ஆனால் உங்கள் நாக்கு என்ன சொன்னது?

பேச்சு பரவியதும் கேப்டன் எங்கள் வீட்டுக்கு வந்து என் தங்கையிடம் சொன்னார். "பழியிலருந்து உங்களைக் காப்பாத்தணும். என்னைக் கட்டிக்குங்க."

"நான் முழுகிட்டிருக்கேன்னு யார் சொன்னா, கேப்டன்? போய் உங்க வேலியைப் பிடுங்குங்க, அது போதும்."

அன்றுமுதல் அவளைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போனவர்கள் யார்? தேவாலயத்தில் அவள் அமர்ந்த பலகையை விட்டு எழுந்தவர்கள் யார்? அதே ஆலை, அதே கூரை, அதே மழை. அவருக்கு விருந்து, அவளுக்கு விரட்டலா? இது எந்த ஊர் நியாயம்?

பின்வரிசையில் ஒருவர், பழையதைக் கிளறாதீர்கள் என்கிறார். ஐயா, போன மாதம் நடந்ததா பழையது?

இதே மண்டபத்தில் டாண்ட் சீமாட்டியின் நடன விருந்து. வாசலில் காவலாளி என் தங்கையைத் தடுத்தான். நானும் அருகில் இருந்தேன். உள்ளே ஆடிக்கொண்டிருந்த கேப்டன் அதைப் பார்த்தார். ஆட்டத்தைப் பாதியில் விட்டு, படியிறங்கி, மழையில் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"உள்ள போங்க கேப்டன், சளி பிடிச்சுக்கும்."

"என் மேலயும் அதே பழிதானே. நானும் வெளியிலயே நிக்கிறேன்."

"இதுக்காக உங்களைக் கட்டிக்குவேன்னு நினைக்காதீங்க."

"நான் கேக்கவே இல்லையே."

அவள் சற்று யோசித்தாள். "வேலி?"

"எடுக்க மாட்டேன். வேணும்னா கதவு வைக்கிறேன்."

"பூட்டு?"

பல்லைக் கடித்தார் கேப்டன். "பூட்டு கிடையாது. பசு வரட்டும், போகட்டும்."

"அப்ப சரி. இப்பக் கேளுங்க" என்றாள். கேட்டார். சம்மதித்தாள்.

அன்று வாசலை அடைத்தவர்கள் இன்று பூங்கொத்தோடு வந்திருக்கிறீர்கள். மோதிரம் வந்ததும் மானமும் வந்துவிட்டதா? மோதிரம் இல்லாத அன்றும் அவள் மாசற்றவள். கேப்டனை மறுத்த அன்றும் மாசற்றவள். காலமெல்லாம் மணக்காமலே இருந்திருந்தாலும் மாசற்றவள்! இதைச் சொல்லத்தான் இந்த மேடை ஏறினேன்.

கசந்தாலும் காதுகொடுத்த அவைக்கு நன்றி. மணமக்கள் நீடு வாழ்க. முன்வரிசையில் அமர்ந்திருக்கிறாள் என் தங்கை. மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் அவளிடம் போங்கள். அவள் மன்னிப்பாளா என்பது எனக்குத் தெரியாது. வணக்கம்.