மறுப்பதற்கு ஓர் ஆள்

தலைமை தாங்கும் துறைத்தலைவர் அவர்களே, அடிக்குறிப்பில் மட்டும் தம் பெயரைத் தேடும் ஆன்றோர்களே, ஆராய்ச்சியாளர்களை மணந்தும் அமைதி காக்கும் தாய்மார்களே! தீர்ஸா ஹல்ஃபோனின் வணக்கம்.

இன்று வெளியாகும் இந்நூலின் அட்டையில் இரண்டு பெயர்கள். ஒன்று என்னுடையது. மற்றது எஸ்ரியேல் மர்குலிஸ் அவர்களுடையது. எருசலேம் நூலகத்தின் ஒன்பதாம் மேசையில் பதினெட்டு ஆண்டுகள் எதிரெதிரே அமர்ந்தோம். எதற்காக? ஒடெஸா நகரில் நூறாண்டுக்கு முன், யூதர்களின் வீட்டுமொழியான யிட்டிஷில் வந்த ஒரு வார இதழின் வாசகர் கடிதங்களுக்காக. தையல்காரர்களின் மனைவியர் எழுதியவை என்றேன் நான்.

"அவளுங்களுக்கு ஏதும்மா நேரம்? எல்லாம் அந்தப் பத்திரிகை ஆசிரியரே எழுதிக்கிட்டது!" என்றார் அவர்.

"யோவ், வேலை செய்யுற பொம்பளைதான்யா கடுதாசி எழுதுவா. சும்மா இருக்கிறவன் ஆராய்ச்சி பண்ணுவான்!"

சிரிக்காதீர்கள், பின்வரிசையினரே, உங்களையும் சேர்த்துத்தான். மழைக்காலங்கள் போயின, மந்திரிசபைகள் போயின, எங்கள் மறுப்பு மட்டும் போகவில்லை. அந்தப் பழந்தாளின் வாசம் இன்றும் என் விரல்களில் இருக்கிறது. மறைநூல் படிக்க ஒரே புத்தகத்தின் முன் இருவரை உட்காரவைப்பது நம் யூத முன்னோர் வழக்கம். ஒத்துப்போகவா உட்காரவைத்தார்கள்?

சென்ற இளவேனிலில் ஒருநாள் எஸ்ரியேல், "நீ சொல்றது சரிதான்" என்றார். நான் மருத்துவரைக் கூப்பிட ஓடினேன்.

அவர் மனைவி புளூமா சொன்னாள்: "எல்லாத்துக்கும் ஆமாங்கிறாரு தீர்ஸா. நாப்பது வருஷத்துல இதான் முதல் தடவை. பயமா இருக்குடி."

அவருக்கு நினைவு நழுவிக்கொண்டிருந்தது. அச்சகம் காத்திருந்தது. அவருடைய மறுப்பில்லாமல் அவர் பெயரை மட்டும் போடுவதா? அது நூலா, கல்லறைக் கல்லா? ஆகவே அவர் மறுப்பை நானே எழுதி, அவர் வீட்டு மாடி முகப்பில் உட்கார்ந்து அவருக்குப் படித்துக் காட்டினேன். முதல் பக்கம்: "சரி." இரண்டாம் பக்கம்: "சரிதான்மா." ஏழாம் பக்கத்தில் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"யாரு எழுதுனது இது?"

"நீதான்யா."

"நானா? இவ்வளவு மரியாதையா நான் எப்போ மறுத்திருக்கேன்? அந்தப் பேனாவை எடு!"

கால் மணி நேரம் பொழிந்தார்; நான் எழுதிக்கொண்டேன். சமையலறையில் புளூமா விசும்புவதா சிரிப்பதா என்று தெரியாமல் பாத்திரம் கழுவினாள். அதன்பின் அவர் என்னிடம் எதையும் மறுக்கவில்லை.

அன்பர்களே, அந்தக் கால் மணி நேரம்தான் இந்நூலின் இறுதி அத்தியாயம். அதில் ஒரு வரியோடும் எனக்கு உடன்பாடில்லை. ஓர் எழுத்தையும் நான் மாற்றவில்லை.

பொறுமையோடு கேட்டீர்கள், நன்றி. உங்கள் வீடுகளில் சமாதானம் நிலவட்டும்; சச்சரவும் கொஞ்சம் மிஞ்சட்டும். வணக்கம்.